செய்தியின் மிச்சம்

எங்கள் இன்ஜினியர் யூசெங் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது தைவான் டாலர். ஸ்கூட்டர் பழுது பார்க்க வாங்கியது. ஜூனில் நான் விடுப்பில் இருந்த அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. கடனை நானும் மறக்கப் பார்த்தேன்.

சிஞ்சு நகரில் எங்கள் சோதனைக்கூடத்தில் அவருடைய வைஃபை பெட்டியை யாரும் அணைக்கவில்லை. இயந்திரம் சொன்னபடி கேட்க அதன் தலையில் நாங்கள் வைக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலமும் அவர் வைத்தபடியே இருந்தது. தொட்டால் பெட்டி படுத்துவிடும் என்று எல்லோருக்கும் பயம்.

செத்தவர்கள் திரும்பி வருவதாகச் சொல்லும் பேய் மாதத்தில் புது இன்ஜினியர் பெய்ஷான் வந்தாள். அவள் செய்தி தட்டுவாள். மறுமுனைத் திரையில் வருவதை நான் வாசிக்க வேண்டும். சாமான் தூக்குவது போக அதுவும் என் வேலை.

"சோதனை ஒன்று இரண்டு மூன்று நான்கு" என்று அனுப்பினாள்.

"சோதனை ஒன்று இரண்டு மூன்று நான்கு இன்னும் எடுக்கலையா அக்கா?" என்று வாசித்தேன். என்னை அக்கா என்றவர் யூசெங் மட்டும்தான். மற்றவர்களுக்கு நான் அத்தை.

"நான் எங்க அப்படி அடிச்சேன், அத்தை? கண்ணாடியைத் துடைங்க."

மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே கேள்வி. அவளே எழுந்து வந்து பார்த்தாள்.

"பேய் இல்ல, மிச்சம். வந்த செய்தி சின்னது. பெட்டியை ஓட்டுற டிரைவர் புரோகிராம் மெமரி அறை முழுசையும் அள்ளுது. முன்னாடி யாரோ சோதனைக்கு அனுப்பிக் கிடந்ததும் ஒட்டிக்கிட்டு வருது. அளவு பொருந்தல."

"பேய்னா வேற என்னம்மா? போனவங்க மிச்சம்தானே?"

"சாயங்காலம் டிரைவரைச் சரிபண்ணி ஏத்தணும். ஏத்தினா எல்லா அறையும் சுத்தமாயிடும்."

"எதை எடுக்கலையான்னு கேக்குறாரு? அது தெரியாம துடைக்காதே, தாயே."

பெய்ஷான் நகத்தைக் கடித்தாள். "அதே வரி இன்னும் சில அறைல கிடக்கும். புதுச் செய்தி முன்பக்கத்தை மட்டும்தான் அழிக்குது. அப்போ சின்னதா அனுப்பினா..."

ஒரே ஒரு புள்ளியை அனுப்பினாள். அது பழைய வரியின் முதல் எழுத்தை மட்டும் விழுங்கியது.

".ங்க காசு பொட்டலத்துக்கு அடியில. இன்னும் எடுக்கலையா அக்கா?"

நான் போய்ப் பொட்டலத்தைப் பிடித்தேன்.

"ஐயோ, தொடாதீங்க! பெட்டி படுத்துடும்!"

"படுக்கட்டும்."

தூசியில் ஒரு உறை. எண்ணினேன். சரியாக இருந்தது. பெட்டியின் விளக்கு அணையவில்லை.

மாலையில் டிரைவரை ஏற்றினாள். நான் கடையிலிருந்து புதுப் பச்சைப் பொட்டலம் வாங்கி வந்து வைத்தேன்.

"சோதனை" என்று அனுப்பினாள்.

"சோதனை" என்று மட்டும் வந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் இடம். "எடுத்துட்டேன் தம்பி" என்று அந்த வெறும் இடத்திடம் சொன்னேன்.