‘வ’வும் ‘போ’வும்

நர்ஸம்மா ஷெட்டுக்குள் நுழைந்தது காரைப் பார்க்க அல்ல, கட்டிலுக்கு அளவெடுக்க. டயாலிசிஸ் வார்டில் ராத்திரி டியூட்டி முடித்து வந்து பகலில் கண்ணயரலாம் என்றால், தெருப்பக்க அறையில் லாரி ஹாரன் ஒரு பக்கம், மாடிவீட்டுப் பிள்ளைகளின் குதியாட்டம் ஒரு பக்கம். மூன்று வருஷமாக அவள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம் தூங்கியதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் ஒரு சத்தமும் எட்டாது. ஆனால் அங்கே ஜம்மென்று படுத்திருந்தது புருஷனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. வீட்டிலேயே நன்றாகத் தூங்கியது அது ஒன்றுதான்.

புருஷன் கணக்கு வாத்தியார். போன வாரம் அவள் ஷெட்டைக் கேட்டபோது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள புகை டெஸ்ட்ல பாஸாகலேன்னா இரும்புக் கடைக்குப் போட்டுடறேன். ஷெட்டு உனக்கு.”

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி ஒன்று.

சுவரோரம் டேப் பிடித்து அளந்து, வாத்தியாரின் காகித ஒட்டு நாடாவில் இரண்டு துண்டு கிழித்து, ‘தலைமாடு’, ‘கால்மாடு’ என்று எழுதி ஒட்டினாள். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மனுஷர் கவனிக்கவே இல்லை. சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது, இரண்டு நிமிஷம் ஓடியது, இருமியது, நின்றது. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்?

“எல்லா ஹோஸும் எழுதி வச்சபடிதான் மாட்டியிருக்கேன். அப்புறமும் ஏன் இந்த அடம்?” என்றார் வாத்தியார், அழாக்குறையாக.

அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் குழாய் என்று ஒன்று கண்ணில் பட்டால், அது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் அவளுக்குத் தலை வெடித்துவிடும். எட்டிப் பார்த்தாள். இரண்டு கறுப்பு ஹோஸ்கள். ஒன்றில் ‘வ’, இன்னொன்றில் ‘போ’.

“இது என்ன?”

“வருது, போகுது. பெட்ரோல் எஞ்சினுக்கு வர்ற ஹோஸ் ‘வ’. மிச்சம் டேங்குக்குத் திரும்பிப் போறது ‘போ’.”

“எழுதும்போது எங்க இருந்தீங்க?”

“வண்டிக்கு அடியில. டேங்குக்கிட்ட மல்லாந்து படுத்துட்டிருந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “எங்க வார்டுல போற ட்யூப், வர்ற ட்யூப் எல்லாமே பேஷண்ட் பக்கத்துல இருந்து பார்த்துதான் எழுதுவோம். அதனாலதான் குழப்பம் வர்றதில்ல. உங்க பேஷண்ட் யாரு? டேங்கா, எஞ்சினா?”

வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். டேங்குக்கு ‘போ’ என்றால் எஞ்சினுக்கு ‘வ’ அல்லவா!

“இருங்க, நம்பிட வேணாம். பார்த்துடலாம்.” இரண்டு ஹோஸையும் கழற்றச் சொல்லி, வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த பெரிய சிரிஞ்ச் ஒன்றால் ஒவ்வொன்றிலும் காற்றைத் தள்ளினாள். அவர் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்டது.

“‘வ’வுல ஒண்ணுமில்ல. காத்துதான்... ஆங்! ‘போ’வுல குபுகுபுங்குது!”

“அப்ப அதுதான் அடிவரைக்கும் போற குழாய். பெட்ரோலை உறிஞ்சறது அது. நீங்க இவ்வளவு நேரம் காத்தை உறிஞ்சிட்டிருந்தீங்க. சரி, அந்த புஸ் எங்க இருந்து வந்துச்சு?”

ஓரமாக மூன்றாவது ஹோஸ் ஒன்று தொங்கிற்று. அதன் வாயில் போல்ட் திருகியிருந்தது.

“அது வேஸ்ட்டு. அதுல எதுவும் வர்றதுமில்ல, போறதுமில்ல.”

“டேங்கு மூச்சு விட வேணாமா? கண்ணாடி ட்ரிப் பாட்டில்ல காத்து போக வழி இல்லேன்னா சொட்டு நின்னுடும், தெரியுமா?”

ஹோஸைப் பிடித்துக்கொண்டே தேடினாள். மட்கார்டு மூலையில் ஒரு கரி டப்பா, தலையில் மூன்று மூக்குகளோடு இருந்தது. இரண்டில் ஹோஸ். மூன்றாவது மொட்டையாக நின்றது. ஏதோ மாட்டியிருந்த இடத்தில் துருவில்லாமல் ஒரு வளையம். போல்ட்டைக் கழற்றிவிட்டு ஹோஸை அதில் மாட்டிப் பார்த்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. “பெட்ரோல் ஆவி இதுக்குள்ள போய் அடங்குது. அதை அடைச்சு வச்சதாலதான் இத்தனை நாளா மூடி வழியா கசிஞ்சு வீடெல்லாம் நாத்தம்!”

வாத்தியார் ‘வ’வையும் ‘போ’வையும் இடம் மாற்றி மாட்டினார். வண்டி கிளம்பியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். நிற்கவே இல்லை. வாத்தியார் குழந்தை மாதிரி கைதட்டினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடி பைத்தியக்காரி, சும்மா இருக்க மாட்டியா?

அவர் டெஸ்டுக்குக் கிளம்பிப் போனதும் தெருப்பக்க அறையில் போய்ப் படுத்தாள். தூக்கம் எங்கே வரும்? மேலே பிள்ளைகள் தொம்தொம் என்று குதித்தார்கள். தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் அழுகையும்.

ஐந்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. பின்பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தாள். வாத்தியார் தெருவோரத்தில் காருக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்.

“பாஸா?”

“பாஸு.”

“அப்புறம் ஏன் உள்ள விடல?”

அவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். “ரிவர்ஸ் எடுக்கும்போது சுவத்துல பார்த்தேன். தலைமாடு, கால்மாடுன்னு எழுதியிருக்கே. ஷெட்டு கேட்டது வம்புக்குன்னுல்ல நினைச்சேன். தூங்கறதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“மூணு வருஷமா கண்ணு முன்னாலதானே திரியறேன்.”

“ஆமா. பேஷண்ட் யாருன்னே தெரியாம இருந்திருக்கேன்,” என்றார் வாத்தியார். “வா, கட்டிலைத் தூக்கலாம். நீ எந்தப் பக்கம் பிடிக்கற?”

அவள் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நடந்தாள்.

“தலைமாடு,” என்றாள்.