சுண்டெலியை நீக்கியவன்

1

இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல; நான் செய்த தப்பில் பிறந்தது. என் பெயர் வீத்தோ. பொத்தென்சாவில் சாவு அறிவிப்புச் சுவரொட்டி அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவேன். எதை வெட்டுவது என்று தெரிந்தவன் என்ற திமிரும் உண்டு.

தொடக்கம் ஒன்று: “காலை ஒன்பது மணிக்கு, மலையேறும் நகரும் படிக்கட்டில், தூரினிலிருந்து வந்த மாணவி ஒருத்தி…” (சீ, சுற்றுலாக் கையேடு.)

தொடக்கம் இரண்டு: “நொயேமி தன் அப்பாவைப் பார்த்ததே இல்லை.” (இது இருக்கட்டும்.)

2

நொயேமிக்கு இருபத்தொரு வயது, நிலவியல் படிக்கிறாள். அவள் வயிற்றில் இருந்தபோதே அம்மா இந்த ஊரைவிட்டுப் போய்விட்டாள். பத்து நாளைக்கு முன் அப்பாவின் எண்ணைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு முறை பேசினாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு, சதுக்கத்துக் காப்பிக்கடையில் சந்திப்பதாக ஏற்பாடு.

காலையிலேயே வந்துவிட்டாள். படிக்கட்டில் மூன்று முறை ஏறி இறங்கினாள். பொரித்த மிளகாய் நொறுக்கிப் போட்ட பாஸ்தா சாப்பிட்டாள். எதிரே வந்த நரைத்தலை ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தாள். (அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அந்த யோக்கியதை எனக்கு இல்லை.)

நாலு மணிக்குச் சுவரில் என் சுவரொட்டியைப் பார்த்தாள். ஜெரார்தோ லவியேரோ, வயது 58.

3

அடியில் பொடி எழுத்தில் என் முகவரி இருக்கும். அதைப் பார்த்து வந்துவிட்டாள்.

“சார், இவரு… எப்ப?”

“நேத்து காலையிலம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு. உறவா?”

“எங்கப்பா. இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்க வந்தேன்.”

அடப்பாவி, கோயிலே கதியென்று கிடந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மகளா! அவர் மனைவியின் மானம் போய்விடக் கூடாதென்று, அசல் ஊர்க்காரனாக, வாயை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து எங்கெங்கே போனாள் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சுவரொட்டி ஒன்று கேட்டாள். சுருட்டிக் கொடுத்தேன். ஐந்து மணிக்குள் பஸ் ஏறிவிட்டாள்.

(அவர் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். செத்தவருக்கா?)

4

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. எங்கள் ஊர்க் காவல் புனிதர் ஜெரார்தோ. தாத்தா பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைப்போம். அண்ணன் தம்பி இருவருமே தங்கள் மூத்த மகனுக்கு அதையே வைப்பார்கள்; ஒரே குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர். அதனால் சுவரொட்டியில் பட்டப்பெயர் போடாமல் இங்கே யாரும் சாவதில்லை. இறந்தவரின் பட்டப்பெயர் ‘சுண்டெலி’. “கடைசியா ஒரு தடவையாவது மரியாதையா போகட்டும் வீத்தோ, அதை எடுத்துடு. போட்டோவும் வேண்டாம்” என்று அவர் மனைவி அழுதாள். எடுத்துவிட்டேன்.

5

ஐந்தரைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெரார்தோ லவியேரோ வந்தார். கோட்டு சூட்டு, கையில் இனிப்புப் பெட்டி.

“டேய், என்னைக் கொன்னுட்டியாமே! ரெண்டு கிழவிங்க என்னைப் பாத்துச் சிலுவை போட்டுக்கிட்டு ஓடுதுங்க!”

“செத்தது உன் பெரியப்பா மகன்தானே, அண்ணே.”

“எனக்கே சொல்றியா? நாளைக்கு அவனைத் தூக்கப் போறவனே நான்தான். சுண்டெலின்னு ஏன்டா போடல?” குரலைத் தாழ்த்தினார். “அது கிடக்கட்டும். வெளியூர்ப் பொண்ணு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா? அரை மணி நேரமா உக்காந்திருக்கேன், காணோம்.”



6

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

முடிவு ஒன்று: பஸ் பழுதாகி நிற்கிறது, அவர் ஓடிப் போய்… (சினிமா.)

முடிவு இரண்டு: அவள் போன் அணைந்து கிடக்கிறது. (கோழைத்தனம்.)

நடந்தது இது. அவர் எண்ணை அழுத்தினார். மணி போனதும் போனை என்னிடம் திணித்தார். “நீதானே கொன்ன, நீயே பேசு.”

எடுத்துவிட்டாள். அழுதழுது கம்மிய குரல்.

“அவங்க வீட்டம்மாவா? மன்னிச்சிருங்க. உங்களுக்கு நான் எந்தத் தொந்தரவும் தர மாட்டேன், சத்தியமா. இனிமே கூப்பிட மாட்டேன். இந்த நம்பரையும் அழிச்சிடறேன். வெச்சிடவா?”

ஜெரார்தோ என் வாயையே பார்க்கிறார்.  அவள் வைக்கப் போகிறாள். வாசகரே, சொல்லுங்கள், என்ன சொல்லட்டும்? சீக்கிரம்.