மூச்சு வாங்கிய வண்டி

வெர்னாவின் வண்டியை அந்த வாரம் மூன்று ஆண்கள் ரிப்பேர் செய்தார்கள். மூன்று பேருமே சரியாகிவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு போனார்கள். வண்டி மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய வண்டி ஒன்றுமில்லை. இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு தொட்டி, மூக்கில் ஒரு டீசல் இன்ஜின். ஆனால் கனடாவின் சஸ்காச்சுவனில் மார்ச் மாதம் மாடுகள் கன்று போடும் நேரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துமூன்று டிகிரி குளிரில், அந்தக் குட்டி வண்டி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பிக்கப் லாரியை மேய்ச்சல் நிலத்தில் இறக்கினால் பனியில் வயிறு வரை புதைந்துவிடும். டிராக்டர் வைக்கோல் உருளையைத் தூக்கும், ஈரம் காயாத கன்றுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வராது. பிறந்த கன்று அரை மணி நேரம் வெளியே கிடந்தால் உறைந்து காது போகும். ஒரு மணி நேரம் கிடந்தால் கன்றே போகும்.

வண்டிக்கு வந்த நோய் இதுதான். காலையில் ஒரே சாவியில் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ராஜா மாதிரி ஓடும். பிறகு மூச்சு வாங்கும். எவ்வளவு மிதித்தாலும் மாட்டு நடையைத் தாண்டாது, அப்புறம் அதுவும் இல்லாமல் நின்றுவிடும். வெர்னா அறுபத்திரண்டு வயதில், இரண்டு கோட்டுக்கு மேல் மூன்றாவது கோட்டும் போட்டுக்கொண்டு, பனியில் நடந்து வீடு திரும்புவாள். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் போட்டால், டீசல் ஊற்றிய கையோடு சமர்த்தாகக் கிளம்பும். நாலு தடவை இப்படி நடந்துவிட்டது.

அவள் புருஷன் ஓரெஸ்ட் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். இடுப்பைத்தான் கழற்றினார்களே தவிர வாயை விட்டுவிட்டார்கள். தினமும் சாயங்காலம் போன் செய்து பண்ணையை நடத்துவான். நாலாவது தடவை வண்டி நின்ற அன்று அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"போதும் வெர்னா. ரஸ்ஸல்கிட்ட விலை பேசிட்டேன். வெள்ளிக்கிழமை லாரி கொண்டு வருவான். நாப்பத்திரண்டு மாட்டையும் ஏத்தி விட்டுடு."

வண்டி சரியாகிவிட்டால் என்று அவள் கேட்டாள். சரியானால் பார்க்கலாம் என்றான். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னான். வெர்னா போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றபடியே அழுதாள். அந்த மாடுகளில் முக்கால்வாசி அவள் கையில் பிறந்தவை. ஓரெஸ்டுக்கு அவற்றின் எடை தெரியும், அவளுக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும்.

அன்று திங்கட்கிழமை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் கூட்டுறவுக் கடைக்குப் போனாள்.

கடையின் மூலையில் ஒரு நீள மேஜை. ஊர் விவசாயிகள் தினமும் அங்கே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். காபி ஒரு சாக்கு. ஊரில் யார் என்ன முட்டாள்தனம் செய்தார்கள் என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் கோர்ட் அது. ஒரு தடவை மாட்டிக்கொண்டால் ஆயுள் தண்டனை. லாய்ட் ஒரு வசந்தகாலத்தில் விதைப்பெட்டியில் விதையே போடாமல் அரை நாள் விதைத்தார். அது நடந்து முப்பது வருஷமாகிறது. இன்னும் ஒவ்வொரு மே மாதமும் யாராவது அவரிடம், "என்ன லாய்ட், இந்த வருஷம் விதை போடுற எண்ணம் உண்டா?" என்று கேட்கிறார்கள். முதலில் கேட்பது எப்போதும் ஓரெஸ்ட்தான். அந்த மேஜையில் அவனைவிடக் கூரான நாக்கு கிடையாது. அவன் மாட்டிக்கொண்டதும் கிடையாது.

வெர்னா வண்டியின் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. டீசல் குளிரில் மெழுகாக உறைகிறது என்றார் லாய்ட். அன்றே வந்து டேங்கைத் திறந்து, உறையாமல் இருக்க ஒரு மருந்தை ஊற்றினார். வண்டி ஓடியது. லாய்ட் முற்றத்தை மூன்று தடவை சுற்றிக் காட்டி, இரண்டு இலவங்கப்பட்டை பன் தின்றுவிட்டுப் போனார். மறுநாள் காலை வண்டி மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நின்றது.

புதன்கிழமை மெல்வின் வந்தார். ரிட்டயரான மெக்கானிக். லாய்டுக்கு விதையும் தெரியாது, டீசலும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஃபில்டரை மாற்றினார். டேங்கைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், டாக்டர் தொண்டையைப் பார்ப்பதுபோல. வண்டி ஓடியது. அவருக்கும் இரண்டு பன். அவர் கார் கண்ணுக்கு மறைந்து ஒரு மணி நேரத்தில் வண்டி நின்றது.

அன்று மத்தியானமே டுவேன் வந்தார். அவருக்கு வயது ஐம்பது, அந்த மேஜையில் அவர் குழந்தை. இது கோடையில் வாங்கின டீசல், இதைக் குளிர்காலத்தில் ஊற்றினால் எந்த இன்ஜினும் பட்டினி கிடக்கும் என்று சொல்லி, மொத்தத்தையும் வடித்துவிட்டு, புது டீசலைக் கழுத்து வரை நிரப்பினார். வண்டி ஓடியது. அவர் போனபிறகு எட்டே நிமிஷத்தில் நின்றது. புது டீசலில் பழையதைவிடச் சீக்கிரம் நின்றது. வெர்னாவுக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஆனால் மூன்று ஆண்கள் மூன்று விதமாக விளக்கியபிறகு, நமக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டாள்.

அவர்கள் ஒவ்வொருவரும் போனபிறகு அவள் ஒரு வேலை செய்தாள். டேங்க் மூடியின் மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, சுற்றிலும் டேப் ஒட்டினாள். அந்த ஊரில் ரொட்டிப் பையைத் தூக்கி எறிகிறவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை. பூட்ஸுக்குள் காலில் மாட்டிக்கொள்வார்கள், கையுறைக்கு மேல் கட்டுவார்கள், தபால் பெட்டிப் பூட்டுக்குத் தொப்பியாகப் போடுவார்கள். டேங்குக்குள் பனித்தூள் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஓரெஸ்ட்தான் முதல் பையைக் கட்டினான். டீசல் ஊற்றினால் மறக்காமல் திரும்பக் கட்டு, இறுக்கமாகக் கட்டு என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனான். மெல்வின்கூட அதைப் பார்த்து, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று மெச்சினார்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு வெர்னா, ஊற்றினால்தானே கிளம்புகிறது என்று, கொட்டகை வாசலில் டேங்கைத் திறந்து கொஞ்சம் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேய்ச்சல் நிலத்தின் கோடியில் ஒரு மாடு மற்றவற்றிலிருந்து ஒதுங்கிப் படுத்திருப்பது தெரிந்தது. அது முதல் ஈத்துக் கிடாரி, அடுத்த வாரம்தான் கன்று போடவேண்டும். அதனிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வெர்னா மூடியைத் திருகினாள், சாவியைப் போட்டாள், போனாள்.

போய்ச் சேர்ந்தபோது கன்று பனியில் கிடந்தது, மேலெல்லாம் ஐஸ் கட்டத் தொடங்கியிருந்தது. கிடாரி பத்தடி தள்ளி நின்று, இது யார் போட்டது என்பதுபோலப் பார்த்தது. வெர்னா கன்றைத் தூக்கிக் காலடியில் போட்டு வண்டியைத் திருப்பினாள். போகவே பத்து நிமிஷம் ஆகியிருந்தது. இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டாள், தெரியாதவர்களைத் திட்டினாள். மேட்டில் ஏறும்போதுதான் வண்டி எப்போதும் மூச்சை விடும். அன்று விடவில்லை. ஒரே மூச்சில் ஏறி, வீட்டு வாசலில் வந்து நின்று, இன்னும் போகலாமா என்று கேட்டது.

குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கன்றை இறக்கினாள். தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். கன்று நடுங்க ஆரம்பித்தது, அது நல்ல அடையாளம். அப்போதுதான் யோசிக்க நேரம் கிடைத்தது. இன்று என்ன புதுசு? அதே டீசல், அதே ஃபில்டர், அதே குளிர். பையைக் கட்டவில்லை. அது ஒன்றுதான்.

கன்றைத் துடைத்துத் துண்டில் சுற்றிப் போட்டுவிட்டு வெளியே போனாள். மூடியின் மேல் பையை இறுக்கிக் கட்டி, முற்றத்தைச் சுற்றத் தொடங்கினாள். ஒன்பதாவது நிமிஷம் வண்டி மூச்சு வாங்கியது. பதினொன்றாவது நிமிஷம் நின்றது. இறங்கி டேப்பை உரித்தாள். மூடி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது, தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்த ஆளை மேலே விட்டதுபோல. மூடியைத் துடைத்துப் பார்த்தாள். நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போகிற வழி அது. அந்த வழியைத்தான் ஓரெஸ்ட் அடைத்திருந்தான். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால்தான் டுவேன் நிரப்பிய அன்று எட்டே நிமிஷம். வந்த ஆண்கள் எல்லோரும் மூடியைத் திறந்தார்கள், வண்டி ஓடியது. அவர்கள் போனதும் அவள் மறுபடி அடைத்தாள், வண்டி நின்றது. சந்தேகம் தீர இன்னொரு தடவை கட்டி, இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள்.

முதலில் ஓரெஸ்டைத் திட்டினாள். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டாள், கட்டியது அவள் கைதானே. பிறகு கொட்டகை வாசலில் நின்று, மாடுகள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போன் செய்தாள். வலி மாத்திரை கொடுத்திருக்கிறோம், தூங்குகிறார் என்றாள் நர்ஸ். ரஸ்ஸலுக்குச் செய்தால், ஓரெஸ்ட் வாக்குக் கொடுத்தாயிற்று, மாற்றுவதானால் அவரே மாற்றட்டும் என்றார். அவர் மாட்டு வியாபாரி. ஊரில் எட்டுப் பண்ணைக்கு ஒரு நாளில் போய் வருவார், போகிற இடமெல்லாம் செய்தியையும் ஏற்றி இறக்குவார்.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு அவருடைய லாரி முற்றத்தில் வந்து நின்றது. வெர்னா அவரைச் சமையலறையில் உட்காரவைத்து, பன்னும் காபியும் கொடுத்து, போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கன்று தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கோலில் படுத்திருந்தது. இந்தத் தடவை ஓரெஸ்டே எடுத்தான்.

வண்டி சரியாகிவிட்டது என்றாள். அதைத்தான் லாய்டும் சொன்னான், மெல்வினும் சொன்னான், டுவேனும் சொன்னான் என்றான் அவன். லாரி வந்துவிட்டதா என்று கேட்டான்.

"வந்துடுச்சு. ரஸ்ஸல் சமையக்கட்டுல பன் தின்னுட்டிருக்கான். இப்ப நான் சொல்றத வாயைத் திறக்காமக் கேளு."

சொன்னாள். துளையைச் சொன்னாள், பையைச் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் பனியில் நடந்ததைச் சொன்னாள்.  முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் முதல் தடவையாக அவன் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டான்.

"யாருக்குத் தெரியும்?" என்றான் கடைசியில்.

"எனக்குத் தெரியும். கதவைத் திறந்தேன்னா ரஸ்ஸலுக்குத் தெரியும். ஒம்பது மணிக்குக் காபி மேஜைக்கே தெரியும். லாய்டு ரொம்ப சந்தோஷப்படுவான், பாவம், முப்பது வருஷமா காத்திட்டிருக்கான்."

"நீ செய்ய மாட்டே."

"என் மாட்டை நீ வித்தா நான் செய்வேன்."

 ஓரெஸ்ட் வேறு குரலில் பேசினான். காலை ஆறு மணியானால் தூக்கம் கலைந்துவிடுகிறது, கண்ணை மூடினால் அவள் பனிக்கு நடுவே தனியாக விழுந்துகிடப்பதுபோலவே தெரிகிறது என்றான். மாடு போனால் அவள் வீட்டுக்குள் இருப்பாளே என்று நினைத்ததாகச் சொன்னான்.

 வெர்னா அப்படியும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"நான் காலையில எந்திரிக்கிறதே அதுகளுக்காகத்தான் ஓரெஸ்ட். அதுக போச்சுன்னா அப்பவும் ஆறு மணிக்குத்தான் எந்திரிப்பேன். எந்திரிச்சு உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். உனக்கு அது சரியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், இடுப்பு வலித்திருக்கும், பாதியில் நிறுத்தினான். ரஸ்ஸலிடம் போனைக் கொடு, திருப்பி அனுப்புகிறேன் என்றான். அவள் கதவைத் திறந்து போனை நீட்டினாள். ரஸ்ஸல் இரண்டு தடவை "சரி" என்றார், இன்னொரு பன் கேட்டு வாங்கிக்கொண்டார். காலி லாரி முற்றத்தைவிட்டுப் போகும் சத்தம் கேட்கும்வரை வெர்னா போனைக் காதில் வைக்கவில்லை.

ஓரெஸ்ட் இன்னும் வைக்காமல் இருந்தான். எத்தனை கன்று ஆயிற்று என்று கேட்டான். பதினொன்று உயிரோடு, பன்னிரண்டாவது குளியலறையில் என்றாள். என் குளியல் தொட்டியிலா என்றான். இந்த இடுப்போடு நீ எப்படியும் அதில் இறங்கப்போவதில்லை என்றாள். கிடாரியா காளையா என்று கேட்டான். கிடாரி, இரண்டு காதும் பத்திரம் என்றாள்.

"போனை அதுகிட்ட வை" என்றான்.

அவள் குளியலறைக்குப் போய், முழங்காலில் உட்கார்ந்து கன்றின் காதோரம் போனைப் பிடித்தாள். கன்று மோந்து பார்த்தது, நக்கியது, சத்தம் மட்டும் போடவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவள் போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். ஊரிலேயே கூரான நாக்குக்காரன் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். வெர்னா போனை மறுபடி கன்றிடமே வைத்தாள்.