சசிகலா மஞ்சக்குட்டைக்குப் போன விதம்

அந்தப் பேச்சு நடந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வெங்கடாசலமாகிய நான், என் மனைவி காளியாயி, சேலத்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் என் மகள் இலக்கியா, என் மருமகள் சசிகலா, அவளுடைய அண்ணன் ஜெயபிரகாஷ். வேறு யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். எங்கள் கதவுக்குப் பின்னால் காப்பி மூட்டைகள்தான் இருக்கின்றன.

என் மகன் விஜயகுமார் காமாலையில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. சசிகலா தாய்வீட்டுக்குத் திரும்பாமல் எங்களோடேயே இருந்தாள். இப்போது மஞ்சக்குட்டை ரஞ்சித்துக்கு அவளைக் கேட்கிறார்கள் என்று சொல்லத்தான் ஜெயபிரகாஷ் வந்திருந்தான்.

புருஷனை இழந்தவள் மறுபடி கட்டிக்கொள்வதை எங்கள் வகையறா தடுத்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மாமனார் அவளோடு ஊர் எல்லைக்கல் வரை நடக்க வேண்டும். அங்கே நின்று, அவள் போவதைப் பார்த்துவிட்டு, ஊர் பார்க்கத் தனியாகத் திரும்பி வர வேண்டும். அவர் நடந்தால் அவள் அனுப்பிவைக்கப்பட்டவள். நடக்காவிட்டால் ஓடிப்போனவள். அந்தப் பேர் அவள் பெறப்போகும் பிள்ளைகள் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் நடக்க மாட்டேன் என்றேன்.

இலக்கியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணி மூவ் ஆன் ஆகணுமுங்கப்பா. எத்தன நாளைக்கு இப்படியே இருப்பாங்க?"

"மூவ் ஆகறதுக்கு அவ என்ன லாரியா?" என்றாள் காளியாயி.

அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. ஏற்காடு கடைவீதியில் மிளகு வியாபாரி சரக்கு மூவ் ஆகவில்லை என்பான். தாலுகா ஆபீஸில் பைல் மூவ் ஆகிவிட்டது என்பார்கள். பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே மூவ் பண்ணுங்க என்று முதுகில் கை வைப்பான். மூன்றிலும் யாரோ தள்ளினால்தான் அது நகர்கிறது. சசிகலாவை யார் தள்ளுகிறார்கள் என்று மகளைக் கேட்டேன். இந்தக் காலத்தில் அந்தச் சொல்லை மனசுக்குச் சொல்கிறார்கள், ஒரு துக்கத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போவது என்று இலக்கியா விளக்கினாள். துக்கம் என்ன பஸ் ஸ்டாப்பா என்றேன். குடும்ப மரியாதை பற்றியும் நிறையப் பேசினேன். பேசியது எல்லாம் சரியானதுதான். ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அது அல்ல.

காப்பி பறிக்கும்போது சசிகலா சேலைக்கு மேல் விஜயகுமாரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். செடிக் கிளை கையைக் கிழிக்காமல் இருக்கத்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல் வரப்பில் நின்று பார்த்தால் செடிகளுக்கு நடுவே அந்த முதுகு மட்டும் தெரியும். அவள் திரும்பும்வரை அது அவன். கூப்பிடக்கூட வாயெடுத்திருக்கிறேன். பறிப்புக் காலம் முடியும்போதெல்லாம் அடுத்த பறிப்பு எப்போது என்று பார்க்கிற ஆளாகிவிட்டேன். இதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் சசிகலா வாய் திறந்தாள்.

"என்னய யாரும் தள்ளலீங்க மாமா. அவர மறந்துட்டும் போகலீங்க. மேல் வரப்புல நீங்க நின்னு பாக்கறது எனக்குத் தெரியுமுங்க. நொம்ப நாளா திரும்பாமயே பறிச்சேன். இனி என்னால முடியலீங்க."

வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அது புரியவில்லை. காளியாயி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மிளகுக் கொடிகளின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பாமலேயே பறித்தேன் என்றாளே, அப்படியென்றால் கழுத்து வலிக்க, எனக்காக, எத்தனை பறிப்பு நின்றிருப்பாள்? திரும்பி வந்து ஜெயபிரகாஷிடம் நாள் பார்க்கச் சொன்னேன்.

அவள் புறப்பட்ட காலையில் மூடுபனி கெட்டியாக இறங்கியிருந்தது. கடைகள் திறக்கவில்லை, வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. காளியாயி அவள் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள். முறைப்படி சசிகலா முன்னால், நான் பின்னால். புதுச் சேலை கட்டியிருந்தாள். பனிக்குள் போன அந்த முதுகு சசிகலாவுடையது மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இத்தனை வருஷத்தில் அவளை அவளாகப் பார்த்து நான் நடந்ததில்லை.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஜெயபிரகாஷ் ஜீப்போடு காத்திருந்தான். கல் அருகே சசிகலா நின்று என் காலைத் தொட்டாள். நான் அங்கே நிற்க வேண்டும். என் அப்பாவும் அப்படித்தான் ஒரு மருமகளை அனுப்பிவிட்டு நின்றார். என்னால் முடியவில்லை. கல்லைத் தாண்டி நடந்து ஜீப்பின் கதவைத் திறந்தேன்.

"நீங்க திரும்பலீங்களா மாமா?"

"ஏறு கண்ணு" என்றேன்.

வழியில் நாங்கள் விஜயகுமாரைப் பற்றிப் பேசினோம். அவன் இறந்த பிறகு அதுதான் முதல் தடவை. அவன் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று கல்யாணம் வரை அவளை ஏமாற்றியதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்கு அது தெரியாது. இன்னும் என்னென்ன தெரியாதோ, மஞ்சக்குட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.

ரஞ்சித்தின் வீட்டில் எனக்கு மரியாதையாகச் சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். சாயங்காலம் வேறு ஜீப் பிடித்து எங்கள் ஊர் நாகலூரில் கடை முன்னால் தனியாக இறங்கினேன். இறங்கியதைத்தான் ஊர் பார்த்தது.

மருமகள் விடியலில் ஓடிப்போய்விட்டாள், கிழவர் பிடித்துவரப் பின்னால் போய் வெறுங்கையோடு திரும்பினார் என்று கடையில் பேசுகிறார்கள். அது பொய். யாரும் ஓடவில்லை. நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.