குழாய் எந்தப் பக்கம்?

எட்டாவது தாளைத் திரையில் திறந்தவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எரிவாயுக் குழாயைக் குறிக்கும் மஞ்சள் கோடு, தெருவை விட்டு விலகி ஒரு வீட்டுக்குள் புகுந்து மறுபுறம் வெளியே வந்தது.

சாலையைத் தோண்டுகிறவர்களுக்கு மண்ணுக்கடியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் வரைபடங்களை பிடிஎஃப் கோப்புகளாக வரைந்து தருவது அவள் எழுதிய புரோகிராம்தான். நேற்று அதைப் புதுப்பித்திருந்தாள். பழையது தாளின் மேலிருந்து கீழே அளக்கும். புதியது கீழிருந்து மேலே. வீடுகளுக்கும் எழுத்துகளுக்கும் கணக்கைத் திருப்பிப் போட்டவள், குழாய்க்குப் போட மறந்துவிட்டாள். சோதித்துப் பார்த்த ஒரே தாளில் குழாய் நட்டநடுவே ஓடியதால் தப்பு கண்ணில் படவில்லை.

காலையில் வேலை நடக்கும் இடங்களுக்கு ஏழு தாள்கள் போயிருந்தன. ஆறு இடங்களில் நாளைக்குத்தான் வேலை. ஏழாவது இடத்தில் இன்று ஒன்பது மணிக்கு. இப்போது ஒன்பதே கால்.

அந்தத் தெருவின் தாளைத் திறந்தாள். பார்க்க எந்தக் குறையும் இல்லை. குழாய் மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறியிருந்தது. அங்கே மேஸ்திரி அவள் கணவனின் அண்ணன். அவருக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப் போகிறது?

"என்னடி, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"அக்கா, வண்டிச் சாவி குடுங்க. காலையில போன தாள் அத்தனையும் தப்பு. மத்த ஆறு இடத்துக்கும் போன் போட்டு, மண்ணைத் தொடாதீங்கன்னு சொல்லிடுங்க."

அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியை வீசிவிட்டுப் போனை எடுத்தாள்.

ஸ்கூட்டரில் எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. தெருமுனையிலேயே பொக்லைனின் உறுமல் கேட்டது. வண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, சாக வேற இடம் கிடைக்கலையா?" டிரைவர் கத்தினான். ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

குழிக்கு மேலே அந்தரத்தில் நின்ற வாளியின் பல்லில், கிழிந்த மஞ்சள் நாடா ஒன்று தொங்கியது. குழாய்க்கு மேலே எச்சரிக்கைக்காகப் புதைக்கிற நாடா. டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது.

ஓடிவந்த மேஸ்திரி அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "யாரும் தீக்குச்சி உரசாதீங்கடா!" என்று கத்திவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கையாலேயே மண்ணை விலக்கினார். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. குழாயின் முதுகு தெரிந்தது. முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை. கீறலும் விழவில்லை.

எதிரே மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது.

மேஸ்திரி தாளை அவள் முன் நீட்டினார். "நீ போட்ட படம்தானம்மா இது?"

"நான் போட்டதுதான் மாமா. கணக்கைத் திருப்பாம விட்டுட்டேன்."

அவர் தாளைக் கசக்கினார். "என் தம்பி பொண்டாட்டி போட்ட படம்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரியுறேன். பன்னெண்டு பேரு நிக்கிறோம் இங்க."

அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, மற்ற ஆறு இடத்துக்கும் சொல்லியாயிற்றா என்று அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டாள்.

அலுவலகம் திரும்பியதும் தப்பு தன்னுடையதுதான் என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். இனி இன்னொருவர் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மதியம் திருத்திய தாளைத் தானே எடுத்துப் போனாள். மேஸ்திரி வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதையும் நம்ப மாட்டேன். முதல்ல தெருக்கோடியிலயும் கையால தோண்டிப் பார்த்துட்டுத்தான் வண்டியை விடுவேன்."

"அப்படியே செய்யுங்க மாமா," என்று சொல்லிவிட்டு, தாள் காட்டிய இடத்தில் குழாய் தெரியும்வரை வெயிலிலேயே நின்றாள்.