நாலாவது பிஸ்டன்

எஞ்சினை நகர்த்தினால்தான் ஐஸ் பெட்டி உள்ளே வரும் என்றார்கள்.

ஹாலின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் அது நின்றது. பழைய பியட் காரின் எஞ்சின். மேலே மூடும் ஹெட் இன்னும் ஏறாததால் நான்கு குழிகளும் திறந்து கிடந்தன. குழிக்கு ஒன்றாக நான்கு புது பிஸ்டன்கள், எண்ணெய் மினுமினுப்போடு. ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் வாசலில் அதைப் பாதி இறக்கிவைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

இறந்துபோன அமலராணியின் தம்பி பங்கிராஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின் பக்கம் வந்தான்.

"தள்ளுங்கப்பா. பின்னாடி கொண்டுபோயி மரத்தடியில விட்ருவோம். அங்கிட்டுக் கெடக்கட்டும்."

"வெளிய வேணாம்" என்றார் அருள்தாஸ்.

மனைவி போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர் வாய் திறந்ததும் பங்கிராஸ் நின்றுவிட்டான்.

"மச்சான், சனம் வந்தா எங்க உக்காரும்?"

"மூலைக்குத் தள்ளு. மெதுவாத் தள்ளு. தூசி உள்ள போகக் கூடாது."

அவரே போய்க் கொடியிலிருந்து அவளுடைய வெளுத்த காட்டன் சேலை ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். நான்காக மடித்து எஞ்சின்மேல் போர்த்தி, ஓரங்களைக் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு அதே ஹாலில், எஞ்சின் நின்ற இடத்திலேயே, பெட்டியை வைத்தார்கள். அதற்குள் அமலராணியைக் கிடத்தினார்கள். அவளுடைய வலது கை நகக் கண்களில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. குளிப்பாட்டிய பெண்கள் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

குன்றாண்டார்கோவில் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். கீரனூரிலிருந்து தினமும் அந்தக் காரில்தான் போய் வருவாள். பிள்ளைகளுக்கு அவள் 'பியட் டீச்சர்'. அவள் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பே எஞ்சின் புகை கக்கிக் கக்கி ஒருநாள் நின்றுபோனது. ஊரில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: எடைக்குப் போடுங்க டீச்சர். அவள் பேருந்தில் போய் வந்தாள். கார் வேப்பமரத்தடியில் நின்றது. அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பல நாள் சத்தம்கூட வைக்க மாட்டாள். அருள்தாஸ் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. சமையலையும் தோட்டத்தையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். எதைப் பேசினாலும் 'ம்' என்பதற்கு மேல் அவளிடமிருந்து வராது. பிறகு ஒருநாள் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து பத்து மாதம். எஞ்சினை இறக்கியது, பிரித்தது, மண்ணெண்ணெயில் கழுவியது, ஒவ்வொரு நட்டையும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதியது, புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போய் பிஸ்டன் வாங்கி வந்தது. வெயில் கூடியதும் அதைக் காற்றுக்காக ஹாலுக்கே கொண்டு வந்துவிட்டாள். அருள்தாஸ் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்வார். அவள் வேலை செய்துகொண்டே பேசிக்கொண்டிருப்பாள். பாதி புரியாது. ஆனாலும் பேசுகிறாளே என்றிருக்கும்.

அவள் இறந்த அன்று, செவ்வாய்க்கிழமை காலையில்தான் நாலாவது பிஸ்டனை இறக்கினார்கள். பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையங்களைத் தகரப்பட்டையால் அவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் சுத்தியல் கைப்பிடியால் மேலே தட்டினாள். ஐந்தாறு தட்டில் சளக்கென்று உள்ளே போனது. "போயிருச்சு" என்றாள். அடிப்பக்கம் படுத்துக்கொண்டு நட்டுகளை முறுக்கி முடித்தாள். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, இடது தோள்பட்டை வலிக்கிறது என்றாள்.

"இரும்பத் தூக்கிக்கிட்டே இருந்தா வலிக்காம என்ன செய்யும்" என்று அருள்தாஸ் தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டார். அவள் கட்டிலில் சாய்ந்தாள். அவர் சாம்பாரைத் தாளித்துவிட்டு வந்து பார்த்தபோது கண் திறந்தபடி இருந்தாள்.

மகள் இசைவாணி திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தபோது மூன்று மணி. தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினோரு வருடமாக நர்ஸ். சீருடையோடே வந்திருந்தாள். பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்து அழுது முடித்துவிட்டு, அப்பாவை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள்.

"வலிக்குதுன்னு எப்பப்பா சொன்னாங்க?"

"பத்தரை இருக்கும்."

"எப்பப் பாத்தீங்க?"

"பதினொண்ணே முக்கால்."

 அவர் கையிலிருந்து தைல வாசனை இன்னும் வந்துகொண்டிருந்தது. இசைவாணி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போடச் சமையலறைக்குப் போனாள். அவள் கேட்காமல் விட்டது என்ன என்று அருள்தாஸுக்குத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அடக்கம். காலையிலிருந்தே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய மாணவர்கள் மாலையோடு வந்தார்கள். பதினோரு மணி இருக்கும், வாசல் பந்தலுக்கு வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. புதுக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐயனார். காலடியில் சாக்குச் சுற்றிய ஒரு கனமான சாமான். பந்தலையும் நாற்காலிகளையும் பார்த்துவிட்டு இறங்காமலே இருந்தார். அருள்தாஸ் எழுந்து போனார்.

"என்னங்க ஐயா, டீச்சர் வீட்டுல... யாருக்கு?"

"டீச்சருக்குத்தான்."

ஐயனார் வண்டியை ஸ்டாண்டு போட மறந்து ஒரு காலை ஊன்றியபடியே நின்றார்.

"வெள்ளிக்கெழமை தாரேன்னுதான் சொல்லியிருந்தேன். டீச்சர் தெனம் போன் பண்ணுவாங்க, வால்வு உக்காந்துச்சா, மட்டம் பாத்தாச்சான்னு. நேத்து போன் வரல. கோவிச்சுக்கிட்டாங்க போலன்னு ராவுக்கும் உக்காந்து முடிச்சுட்டு வாரேன்." சாக்கைத் தொட்டார். "இத நான் திருப்பி எடுத்துட்டுப் போயிரவா?"

"உள்ள கொண்டாங்க."

பட்டறையில் சரிசெய்யக் கொடுத்திருந்த எஞ்சின் ஹெட்டை இருவருமாகத் தூக்கி வந்தார்கள். பெண்கள் கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். செபம் ஒரு அருள்நிறைந்த மரியேயின் பாதியில் தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டது. ஐயனார் பெட்டிக்கு முன்னால் வந்து கைகூப்பி நின்றார். பிறகு மூலைக்குப் போய், சேலையின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். விரலால் குழியின் உள்சுவரைத் தடவினார்.

"நாலும் எறக்கிட்டாங்களா?" என்றார் மெதுவாக. "நல்லா எறக்கியிருக்காங்க. ஆனா ஐயா, புதுசாக் கடைஞ்ச எடம். காத்துப் பட்டா துரு ஏறிரும். மேல எண்ணெ விட்டு வைங்க. ரொம்ப நாள் தொறந்து போடாதீங்க."

அவர் போன பிறகு அருள்தாஸ் சமையலறை அலமாரிக்குக் கீழிருந்து எஞ்சின் ஆயில் டப்பாவை எடுத்து வந்தார். சேலையை விலக்கினார். சுத்தமான துணியை எண்ணெயில் நனைத்து முதல் குழியின் சுவரைச் சுற்றித் துடைத்தார். பிறகு இரண்டாவது. பின்னால் அழுகை ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மூன்றாவதைத் துடைக்கும்போது பங்கிராஸ் வந்து பக்கத்தில் குனிந்தான்.

"மச்சான், சொந்தம் பூரா பாக்குது. அக்கா அங்க கெடக்கு, நீங்க இங்க இரும்பத் தொடைக்கிறீங்க."

"துரு ஏறிரும்."

"ஏறட்டும். இந்த எழவுதான் எங்கக்காவக் கொண்டுபோச்சு. அறுவத்தி ரெண்டு வயசுல பொம்பள தூக்குற சாமானா இது? நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல. மூணாம் நாள் முடியட்டும், நானே ஆளக் கூட்டியாந்து எடைக்குப் போட்டுர்றேன்."

அருள்தாஸ் துணியை மடித்தார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவரும் இதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பங்கிராஸ் வாயிலிருந்து கேட்டபோது அது அப்படி இல்லை என்று தோன்றியது.

"நீ பொங்கலுக்கு வருவ, மாதா திருவிழாவுக்கு வருவ. சும்மா இருந்தப்ப அவ எப்படி இருந்தான்னு ஒனக்குத் தெரியாது பங்கிராஸு. ஆறு மாசம் நான் ஒரு பொணத்துக்குத்தான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். நேத்துக் காலையில அவ அப்படி இல்ல."

பங்கிராஸ் எழுந்து வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அருள்தாஸ் நாலாவது குழியையும் துடைத்து முடித்தார்.

நான்கு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். கல்லறை வரை பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக வந்தார்கள். முதல் பிடி மண் போடும்போது இசைவாணி அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

வியாழக்கிழமை காலைப் பூசை முடிந்து உறவுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஐஸ் பெட்டிக்காரர்கள் பெட்டியை எடுத்துப் போன இடம் ஹாலில் ஈரமாக இருந்தது. அருள்தாஸ் அதைத் துடைத்துவிட்டு, எஞ்சினை மெல்ல உருட்டி மின்விசிறிக்குக் கீழே கொண்டு வந்தார். இசைவாணி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னப்பா செய்யப் போறீங்க?"

"ஹெட்ட மட்டும் ஏத்தி மூடிருவோம். தொறந்து போடக் கூடாதாம்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஆனால் செய்ய ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக வந்தது. ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகட்டின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று கை தானாகத் திருப்பிப் பார்த்தது. இருவரும் ஹெட்டின் இரண்டு முனையையும் பிடித்து இறக்கினார்கள். போல்ட்டுகள் 'ஹெட்' என்று சிவப்பு மையில் எழுதிய டப்பாவில் இருந்தன. இசைவாணி ஓரத்திலிருந்து முறுக்கப் போனாள்.

"ஓரத்துல ஆரம்பிக்காதே. நடுவுல ரெண்டு, அப்பறம் இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணு. அப்படியே வெளிய போகணும். ஒரேயடியா இறுக்கக் கூடாது, மூணு சுத்துல இறுக்கணும். இல்லேன்னா வளைஞ்சுரும்."

"இதெல்லாம் எப்பப்பா கத்துக்கிட்டீங்க?"

அவர் யோசித்தார். "கீரை ஆயும்போது."

இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதுமான இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் தரும் நீளமான ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில், போல்ட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா, நான் இங்க இருந்திருந்தாலும் தைலம்தான் தேச்சுவிட்டிருப்பேன். பொம்பளைங்களுக்கு மாரடைப்பு சில நேரம் அப்படித்தான் வரும், ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது."

பதினோரு வருட நர்ஸ். அவள் பொய் சொல்கிறாள் என்று அருள்தாஸுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவர் எஞ்சின் ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்தது இங்கிட்டு" என்றார்.

டிக் என்றது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயனார் சங்கிலிக் கப்பியோடு வந்து எஞ்சினைக் காரில் இறக்கிக் கொடுத்தார். முதல் தடவை சாவி போட்டபோது வெடி போட்டதுபோல ஒரு சத்தம் வந்து கோழிகள் சிதறின. ஐயனார் குனிந்து எதையோ அரை வட்டம் திருப்பி வைத்தார். நாலாவது தடவை பிடித்தது. வீடு முழுவதும் வெள்ளைப் புகை. அடுத்த வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள்.  புகை தெளிந்ததும் ஐயனார் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நாலும் சமமா அடிக்குது" என்றார்.

முப்பதாம் நாள் பூசையை அமலராணி பிறந்த ஆவூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பங்கிராஸ் போனில் சொன்னான். "வேன் அனுப்பட்டுமா மச்சான்?" என்று கேட்டான்.

"வேணாம். கார்ல வாரோம்."

 "பாத்து வாங்க" என்றான்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். இசைவாணி ஓட்டினாள். புதுசாகக் கட்டிய எஞ்சின் என்பதால் நாற்பதைத் தாண்டவில்லை. இரண்டு டவுன் பஸ்களும் ஒரு டிராக்டரும் முந்திக்கொண்டு போயின. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நின்ற லாரி எஞ்சினை அணைத்தது. பைக்குகள் அணைந்தன. இசைவாணியின் கையும் சாவிக்குப் போனது.

"இருக்கட்டும்" என்றார் அருள்தாஸ்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். சரக்கு ரயில் வந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடத்துப் போக, வேறு எதுவுமே கேட்கவில்லை. அருள்தாஸ் முன்னால் சாய்ந்து உள்ளங்கையை டேஷ்போர்டின்மேல் வைத்தார். எஞ்சினின் அதிர்வு கைக்குச் சமமாகத் தெரிந்தது. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு கார்டு போனார். தண்டவாளம் கொஞ்சநேரம் முனகிவிட்டு ஓய்ந்தது. கேட் ஏறத் தொடங்கியது. சுற்றிலும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளப்பப்பட, இசைவாணி ஸ்டியரிங் பக்கத்துக் கியரைப் போட்டாள்.