திருப்ப மறந்த படம்

படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மாமா பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் படத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இறுதிச்சுற்றில் அவள் எதிராளியைச் சாய்த்த போட்டோவைத்தான், குத்துச்சண்டைக் கூடத்தில் மாட்டுவதற்காக, அம்மாவின் தம்பி ஓவியமாக்கியிருந்தார். வியர்வைத் துளிகளைப் பொன்னிறக் கோடுகளாக இழுத்து, கூட்டத்தை நீலமும் சிவப்புமாகக் குழைத்து, எல்லாவற்றையும் கணினியிலேயே எண்ணெய் வண்ணம் போலத் தீட்டியிருந்தார். பாழாய்ப்போன மனிதரின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒன்றைத் தவிர.

“நான் எந்தக் கையால அடிச்சேன் மாமா?”

“இதென்ன கேள்வி? இடது...” படத்தைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

வரையும்போது படத்தை அவ்வப்போது கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பது மாமாவின் பழக்கம். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்போதுதான் கோணல் தெரியுமாம். இந்த முறை திருப்பியவர் மறுபடி திருப்ப மறந்து, கீழே கையெழுத்தையும் போட்டு, துணியில் அச்சடித்தும் விட்டார். படத்திலிருந்தவள் வலது கையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு கவனிக்கப் போறா? வெளிச்சம் எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாரு.”

“உன் வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டு.”

கவனிக்க ஒருவர் இருந்தார். மாஸ்டர். இடது கையை நம்பினால் உருப்பட மாட்டாய் என்று வருஷக்கணக்கில் அவளைக் கரித்துக் கொட்டியவர். ஒருமுறை அந்தக் கையை இடுப்போடு கட்டிவைத்தே பயிற்சி கொடுத்தார். அந்தக் கையால்தான் அவள் ஜெயித்தாள். ஜெயித்த அன்றும், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் நின்றார் மனிதர்.

இப்போது படத்தின் முன் வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“இப்பத்தான் ஒழுங்கா நிக்கிற. புதுசா வர்ற பிள்ளைங்க இதைப் பாத்துக் கத்துக்கட்டும். மாத்தாதீங்க தம்பி, இப்படியே இருக்கட்டும்.”

மாமா தலையை ஆட்டினார். மறுபடி அச்சடிக்கும் தொல்லை விட்டதே என்ற நிம்மதி அவருக்கு. அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருவர் மறந்து கெடுத்தார், இன்னொருவர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து அவள் கையைப் பறித்துவிட்டார்கள்.

அவள் படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள்.

“சரியா திருப்பி அச்சடிச்சுக் கொண்டா. அதுவரைக்கும் என் மூஞ்சியில முழிக்காத.”

பிறகு, பயிற்சியில் குத்து வாங்கும் தோல் பட்டைகளை எடுத்து மாஸ்டரின் கைகளில் திணித்தாள்.

“பிடிங்க.”

அவர் வழக்கம்போல வலது கைக்காரர்களுக்குப் பிடிப்பது மாதிரியே பிடித்தார். அவள் இடது கைக்காரர்கள் நிற்பதுபோல் வலது காலை முன்னால் வைத்து நின்றாள். அடிக்கவில்லை.

“மாத்திப் பிடிங்க.”

“அகராதி பிடிச்சவளே...”

“எவ்வளவு நேரமானாலும் நிப்பேன் மாஸ்டர். மாத்திப் பிடிங்க.”

பயிற்சியை விட்டுவிட்டுக் கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே மாற்றிப் பிடித்தார்.